40 மைக்ரான் தேய்மானம்

டீசல் எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலேறி உச்சியைத் தொடும் கணத்தில், அதன் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்புக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அதே ஹெட்டிலிருந்து கீழ்நோக்கித் திறக்கும் வால்வு, முழுதாகத் திறந்த நிலையில் ஏறத்தாழ 8 மி.மீ. சிலிண்டருக்குள் இறங்கி நிற்கும். ஒரே இடம், இரண்டு பொருள்கள், நேரம் மட்டும் வேறு. பிஸ்டன் வருவதற்குள் வால்வு மூடியிருக்க வேண்டும். இந்த நேர ஒழுங்கை எஞ்சினின் ஆயுள் முழுவதும் காப்பது ஓர் இரும்புச் சங்கிலி. அதைத்தான் டைமிங் செயின் என்கிறோம்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, இந்தியச் சாலைகள் நன்கறிந்த ஓர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கி 2003இல் வெளிவந்தது 1.3 மல்டிஜெட். நான்கு சிலிண்டர், 16 வால்வு, 1248 சிசி. சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. 2007இல் இது மாருதி ஸ்விஃப்ட் டீசலுக்குள் வந்தது. பின்னர் டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, எர்டிகா என்று பல கம்பெனிகளின் கார்களில் ஏறியது. மானேசரிலும், புனேக்கு அருகே ரஞ்சன்காவிலும் தயாரானது. இத்தனை பேர் பகிர்ந்துகொண்டதால் ‘நேஷனல் எஞ்சின்’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்றவை இன்றும் ஓடுகின்றன, பலவும் டாக்சிகளாக. வயதான இந்தக் கார்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது, போனட்டைத் திறக்கும் முன்பே மெக்கானிக் சொல்வதுண்டு: “செயின் சத்தம் வருது.”

இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று

நிகோலஸ் ஓட்டோ 1876இல் நிலைநிறுத்திய நான்கு வீச்சு முறையைத்தான் இன்றைய கார் எஞ்சின்கள் பின்பற்றுகின்றன: காற்றை இழுத்தல், அழுத்துதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல். இந்த நான்கும் முடிய, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இதைச் சாதிக்க எளிய வழி, கிராங்க்கின் மூக்கில் இருக்கும் பல்சக்கரத்தைப் போல இரு மடங்கு பற்கள் கொண்ட சக்கரத்தைக் கேம் ஷாஃப்ட்டில் பொருத்தி, இரண்டையும் ஒரு சங்கிலியால் இணைப்பது. மல்டிஜெட்டில் செயின் ஒரு கேம் ஷாஃப்ட்டை இழுக்க, அது பற்சக்கரங்கள் வழியாக மற்றதைச் சுழற்றுகிறது.

நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற சாதாரண நெடுஞ்சாலை வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் உச்சியிலிருந்து அடிக்கு இறங்க நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். மல்டிஜெட்டின் தொடக்க கால வடிவத்தில் அழுத்த விகிதம் 18:1. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சிசி என்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது காற்று முழுவதும் சுமார் 18 சிசிக்குள் அடைபட வேண்டும். அந்த 18 சிசியிலும் பெரும்பகுதி பிஸ்டன் தலையில் குடைந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. வால்வு தவறிப்போய்த் திறந்து நிற்பதற்கு அங்கே இடமே இல்லை.

இந்த வேலைக்கு ரப்பர் பெல்ட்டும் உண்டு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார், பல்வைத்த பெல்ட்டால் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றி அந்தப் பாதையைத் திறந்தது. பெல்ட் சத்தமில்லாதது, எடை குறைந்தது, விலையும் குறைவு. ஆனால் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமை அடையும். அதனால் இத்தனை கி.மீ. அல்லது இத்தனை ஆண்டுகளுக்குள் மாற்றியே தீர வேண்டும் என்று கையேட்டில் கெடு எழுதியிருக்கும். செயினுக்குப் பல கம்பெனிகள் அப்படிக் கெடு விதிப்பதில்லை. எஞ்சின் இருக்கும்வரை அதுவும் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதைப் பார்க்கச் சங்கிலியின் மூட்டுக்குள் போக வேண்டும்.

சங்கிலி நீள்வதில்லை

‘செயின் நீண்டுவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம். கேட்டால் இரும்புத் தகடுகள் இழுபட்டு நீண்டதுபோலத் தோன்றும். உண்மையில் தகடுகள் அப்படியேதான் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருவாக்கிய சங்கிலியின் அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின். அதைச் சுற்றி ஒரு குழாய்போன்ற புஷ். சங்கிலி பல்சக்கரத்தின் மீது வளையும்போது பின் புஷ்ஷுக்குள் சில பாகை திரும்புகிறது. சக்கரத்தை விட்டு வெளியேறும்போது திரும்பவும் நேராகிறது. தேய்மானம் நடப்பது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 8 மி.மீ. இடைவெளியில் 124 கண்ணிகள் கொண்ட ஒரு செயின். கிராங்க்கில் 18 பல், கேமில் 36 பல் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் செயின் நிமிடத்துக்குச் சுமார் 290 முறை தன் பாதையைச் சுற்றி வரும். ஒவ்வொரு வலத்திலும் ஒரு மூட்டு குறைந்தது நான்கு முறை அசைகிறது: இரண்டு சக்கரங்களிலும் ஏறும்போது மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஒரு லட்சம் கி.மீ. ஓட 2500 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு மூட்டும் 17 கோடி முறைக்கு மேல் அசைந்திருக்கும்.

இத்தனை அசைவுக்குப் பிறகு ஒரு மூட்டில் பின்னும் புஷ்ஷும் சேர்ந்து 40 மைக்ரான் தேய்ந்தன என்று கொள்வோம். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவு இது. ஆனால் பந்தி வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விரற்கடை பின்னுக்கு நகர்ந்தால் கடைசி ஆள் கதவுக்கு வெளியே போய்விடுவதுபோல, 124 மூட்டுகளில் சேர்ந்த தேய்மானம் 5 மி.மீ. ஆகிவிடும். புதுச் செயினையும் பழைய செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் கண்ணுக்கே தெரியும் வித்தியாசம். நீளத்தில் இது வெறும் அரை சதவீதம்தான்.

இந்த அரை சதவீதம் வால்வுகளை என்ன செய்கிறது? கிராங்க் கேமை இழுக்கும் பக்கத்தில், இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 36 கண்ணிகள் விறைப்பாக நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்தப் பகுதி மட்டும் 1.44 மி.மீ. நீளும். 36 பல் சக்கரத்தின் சுற்றளவு 288 மி.மீ. ஆகவே கேம் 1.8 பாகை பின்தங்கும்; கிராங்க்கின் கணக்கில் அது 3.6 பாகை. வால்வுகள் எல்லாம் அந்த அளவு தாமதமாகத் திறந்து, தாமதமாக மூடுகின்றன. எஞ்சின் நிற்காது. ஆனால் இழுவை மெல்ல மங்கும், புகை கூடும், கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது ஒத்துப்போகாததைக் கம்ப்யூட்டர் கவனித்து, டாஷ்போர்டில் விளக்கை எரியவிடும். ஸ்கேனரைச் செருகினால் பி0016 போன்ற குறியீடு வருவது இதனால்தான்.

இதே கணக்கில், செயின் ஒரே ஒரு பல் தாண்டினால் கேம் 10 பாகை விலகும்; கிராங்க்கின் கணக்கில் அது 20 பாகை. மெக்கானிக்குகள் ‘டைமிங் அவுட்’ என்பது இதைத்தான்.

டென்ஷனர் எதைச் சரிசெய்கிறது?

செயினுக்கு இழுக்கும் பக்கம் ஒன்று, தளரும் பக்கம் ஒன்று. தளரும் பக்கத்தை ஒரு வளைந்த நைலான் கைடு தாங்க, அதன் முதுகை டென்ஷனர் தள்ளிக்கொண்டிருக்கிறது. டென்ஷனர் என்பது ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் சேர்ந்து வெளியே தள்ளும் சிறிய பிஸ்டன். உள்ளே போன ஆயில் திரும்பி வராமல் ஒரு சிறு வால்வு தடுக்கிறது. பல டென்ஷனர்களில், வெளியே வந்த பிஸ்டன் பின்வாங்காதபடி பற்சட்டமும் உண்டு.

இத்தனை ஏற்பாடு தேவைப்படுவதற்குக் காரணம், செயின் சீரான விசையோடு ஓடுவதே இல்லை. கேமின் மூக்கு வால்வைத் திறக்கும்போது வால்வின் ஸ்பிரிங் எதிர்க்கிறது, செயின் விறைக்கிறது. மூக்கின் உச்சியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் தள்ளுகிறது, செயின் தளர்கிறது. போதாததற்கு, பல்சக்கரத்தின் மீது செயின் வட்டமாக வளைவதில்லை. 18 பல் சக்கரத்தில் அது 18 பக்கப் பலகோணமாகவே படிகிறது. அதனால் சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் செயினின் வேகம் சுமார் 1.5 சதவீதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டத்தையெல்லாம் விழுங்கிக்கொள்வதே டென்ஷனரின் வேலை.

கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. டென்ஷனர் தளர்ந்த பக்கத்தின் நீட்சியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இழுக்கும் பக்கம் நீண்டதால் கேம் பின்தங்கிய அந்த 1.8 பாகையை அதனால் திருப்பித் தர முடியாது. ‘டென்ஷனரை மட்டும் மாற்றுங்கள், சத்தம் போய்விடும்’ என்ற யோசனை அடிக்கடி கேட்கும். சத்தம் போகலாம், கோணம் போனது போனதுதான். செயின் உண்மையாகவே தேய்ந்திருந்தால் செயின், பல்சக்கரங்கள், கைடுகள், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே கிட்டாக மாற்றுவதுதான் முறை. தேய்ந்த சக்கரத்தின் பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தேய்த்துவிடும்.

சத்தத்தையும் சரியாகக் கேட்க வேண்டும். இரவு முழுதும் நின்ற காரின் டென்ஷனரிலிருந்து ஆயில் வடிந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஆயில் அழுத்தம் ஏறும்வரை செயின் கைடில் அறைந்து ஓரிரு நொடி கடகடக்கும். அந்தச் சத்தம் நாளுக்கு நாள் நீள்கிறது, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் வடிக்கும்போது நைலான் துணுக்குகள் வந்தால் கைடு உடைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். செயின் ஓடுகிற நிலையிலேயே பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். மல்டிஜெட்டில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள ராக்கர்கள் பல சமயம் முதலில் முறிந்து அடியைத் தாங்கிக்கொள்கின்றன. அதை நம்பி வண்டியை ஓட்ட முடியாது. வளைந்த வால்வு, விரிசல் விட்ட பிஸ்டன் என்று செலவு பல மடங்காகிவிடும்.

மாற்றும் வேலை

எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்ட கார்களில் செயின் பெரும்பாலும் ஓரத்தில், முன்சக்கரத்துக்கு மிக அருகே இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, காரைத் தூக்கி, அந்தப் பக்கச் சக்கரத்தையும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தால்தான் வேலைக்கு வழி கிடைக்கும். ஆயிலை வடித்து, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, அந்தப் பக்க மவுண்ட்டைக் கழற்றுவார்கள். பிறகு வெளியே ஓடும் துணை பெல்ட், கிராங்க் புல்லி, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப், முன்மூடி. சில எஞ்சின்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அங்கே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் ஒன்றும் நடக்காது.

எதையும் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, எஞ்சினைக் குறித்த நிலைக்குக் கொண்டுவந்து பூட்டுவது. மல்டிஜெட்டில் கிராங்க்குக்கு ஒரு பூட்டு ஊசி, கேம் ஷாஃப்ட்களுக்குத் தனி ஊசிகள். இவை துளைக்குள் தடையில்லாமல் இறங்கினால் எல்லாம் தத்தம் கோணத்தில் நிற்கின்றன என்று அர்த்தம். ஊசி இறங்க மறுத்தால், செயின் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இந்த ஊசிகள் கோணத்தைக் காட்டுவதற்கானவை. இறுகிய புல்லி போல்ட்டைக் கழற்றும்போது அவற்றையே பிடிமானமாக நம்பினால் ஊசி முறியும், துளை கெடும். சக்கரத்தைப் பிடிக்க வேறு கருவி வேண்டும். சில எஞ்சின்களில் போல்ட் எதிர்த்திசை மரையோடு வரும். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஸ்பானரில் கை வைக்கக் கூடாது.

எஞ்சினை அது ஓடும் திசையில் மட்டுமே கையால் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் தளர்வு முழுவதும் இழுக்கும் பக்கத்துக்கு வந்துவிடும். தேய்ந்த செயின் அந்த நொடியில் பல் தாண்டக்கூடும்.

மூடியைத் திறந்ததும் டென்ஷனரின் பிஸ்டன் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். செயினின் தேய்மானத்தைச் சொல்லும் எழுதாத மீட்டர் அது. பழையவற்றைக் கழற்றிய பிறகு மூடியின் விளிம்பிலும் பிளாக்கிலும் ஒட்டியிருக்கும் பழைய சீலண்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். துணுக்குகள் சம்ப்புக்குள் விழுந்தால் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அப்போது ஆயில் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் முதல் உறுப்புகளில் ஒன்று புது டென்ஷனர்தான். புது சீலண்டையும் மெல்லிய கோடாகவே இட வேண்டும். உள்பக்கம் பிதுங்கும் ஒவ்வொரு துளியும் ஒருநாள் உரிந்து ஆயிலோடு சேரும்.

பல எஞ்சின்களின் செயினில் ஓரிரு கண்ணிகள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அவற்றைப் பல்சக்கரங்களில் உள்ள புள்ளிகளோடு பொருத்தினால் நேரம் சரியாக அமையும். பொருத்திய பிறகு எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் அந்த நிறக் கண்ணிகள் புள்ளிகளை விட்டு எங்கோ போயிருக்கும். தொழில் பழகுபவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். நம் எடுத்துக்காட்டில் 124 கண்ணிகள், 36 பற்கள். இரண்டும் ஒன்றோடொன்று மறுபடி சந்திக்கக் கேம் 31 சுற்றும், கிராங்க் 62 சுற்றும் சுற்ற வேண்டும். இதில் நன்மையும் உண்டு: ஒரே கண்ணி ஒரே பல்லில் திரும்பத் திரும்ப விழாததால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது.

சில எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டையும் அதன் சக்கரத்தையும் கோணத்தில் கட்டிவைக்கும் ‘கீ’ கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே பிடித்து நிறுத்துகிறது. அங்கே டார்க் ரெஞ்ச்சைக் கையேடு சொல்லும் அளவில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கைக்கணக்கில் முறுக்கிய போல்ட் ஒருநாள் வழுக்கும். வழுக்கினால் விளைவு பல் தாண்டியதற்குச் சமம். புது டென்ஷனரை அடக்கிவைத்திருக்கும் சிறு ஊசியை, எல்லாம் இடத்தில் அமர்ந்த பிறகே உருவ வேண்டும்.

பூட்டுகளை எடுத்துவிட்டு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறார்கள். நான்கு வீச்சும் ஒருமுறை முடிந்து, கேம் தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கும். சுற்றும்போது எங்காவது கெட்டியாக இடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்: வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. இடிக்காமல் சுற்றி வந்து, பூட்டு ஊசிகள் முன்போலவே இலகுவாக இறங்கினால் கோணம் சரி. இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். இதைத் தவிர்த்துவிட்டு சாவியைத் திருப்புபவர் முழு எஞ்சினையும் பணயம் வைக்கிறார்.

புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்ட பின், எரிபொருள் போகாதபடி செய்து ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சிறிது சுற்றவிடுவது நல்லது. ஆயில் அழுத்தம் ஏறி, டென்ஷனர் நிரம்பிய பிறகு முதல் வெடிப்பு நடக்கட்டும்.

செயினின் உயிர் எங்கே இருக்கிறது

ஒரே வகை எஞ்சின் ஒரு காரில் மூன்று லட்சம் கி.மீ. ஓடியும் செயின் அமைதியாக இருக்கிறது. இன்னொன்றில் ஒரு லட்சத்திலேயே கடகடக்கிறது. காரணத்தை மீண்டும் அந்த மூட்டுக்குள்தான் தேட வேண்டும். வேகமாக ஒரே திசையில் சுழலும் தண்டு, தன்னைச் சுற்றி ஆயிலை இழுத்துக்கொண்டு அதன்மீது மிதக்கும். செயினின் பின் அப்படிச் சுழல்வதில்லை. சில பாகை திரும்பி நின்று, மறுபடி திரும்புகிறது. மிதக்கும் அளவுக்கு அங்கே ஆயில் படலம் உருவாகாது. இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது, ஆயிலில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகத்தின் மேல் படியவைக்கும் மிக மெல்லிய பூச்சுதான். டீசல் எரியும்போது உருவாகும் கரி, ஆயிலில் சேரச் சேர அந்தப் பூச்சைச் சுரண்டிவிடுகிறது. நேரடியாக எரிபொருள் பீச்சும் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஆயில் மாற்றும் கெடுவைத் தாண்டி ஓடும் ஒவ்வொரு ஆயிரம் கி.மீ.யும் இந்தச் சுரண்டலை வேகப்படுத்துகிறது. ஆயில் மட்டம் குறைந்தால் இன்னும் ஆபத்து. வளைவிலும் ஏற்றத்திலும் பம்ப் காற்றை உறிஞ்ச, டென்ஷனர் தளர்ந்து, செயின் பல் தாண்டும் தருணம் வாய்த்துவிடும்.

ஆயுள் முழுவதும் உழைக்கும் செயின் என்ற வாக்குறுதியின் நிபந்தனை இதுதான்: ஆயில் சுத்தமாகவும் போதிய அளவிலும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது, கையேடு சொல்லும் தர ஆயிலையே ஊற்றுவது, நகர நெரிசலிலும் குறுந்தூர ஓட்டத்திலும் உழலும் வண்டிக்குக் கெடுவுக்கு முன்பே ஆயிலை மாற்றுவது ஆகியவை பராமரிப்புச் செலவின் மிகச் சிறிய பகுதி. செயினை மாற்றும் மெக்கானிக் இழந்த கோணத்தை மீட்டுத் தருகிறார். அதற்கு அவருக்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ தேவைப்படும். அடுத்த 17 கோடி அசைவுகளில் அந்தக் கோணம் நிலைக்குமா என்பது, ஒவ்வொரு ஆயில் சேஞ்சிலும் காரின் சொந்தக்காரர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.